இரண்டு எண்ணும் வரை

அக்னி நட்சத்திரம் பிறந்து ஆறாம் நாள்.
காலை ஆறேகாலுக்கே ஆட்டோ சீட் சுட்டது.
நிதாய் மண்டல் முன்னால் என்னோடு ஒட்டி உட்கார்ந்தார்.
பின்சீட்டில் என் ராடு மட்டும்,
முழுச் சவாரிக்காரன் போலக் கால் நீட்டிக்கொண்டு.

பாங்குராவிலிருந்து வந்து நாற்பத்து மூன்று நாள்.
காந்தி ரோட்டுப் பின்சந்து லாட்ஜ், மூன்றாம் மாடி,
ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு.
ஷெஃபாலிக்கு வயிற்றில் பதினாறு தையல்.
அறுத்தெடுத்த சதை எங்கோ ஒரு கண்ணாடித் தட்டில்;
முடிவு வெள்ளிக்கிழமை என்றிருந்தார்கள்.

தாதா என்று கூப்பிடச் சொன்னார்.
எங்கள் ஊரில் அது ரவுடி என்றேன்.

மீன் மார்க்கெட் வாசலில்தான் ஆரம்பித்தது:
"ஷோல்" என்றார்,
கைகளை ஒரு முழம் அகட்டி,
தலையைப் பாம்பு மாதிரி தட்டையாக்கிக் காட்டி.
ஓ, விராலு.
புண் ஆறும் என்று இங்கேயும் கொடுப்பார்கள்.
கிலோ அறுநூற்றைம்பது என்றாள் மீன்காரி.
சட்டைப்பையைத் தொட்டுவிட்டுக்
கையை எடுத்துக்கொண்டார்.

அதனால்தான் ஊசூர் தாண்டி இந்த ஏரி.
ஏரி என்று சொல்ல வெட்கம்.
மதகுப் பள்ளத்தில் நாலு மனைக்கட்டு அளவுக்குத் தண்ணீர்,
அதிலும் பாதி அல்லி இலை.
சுற்றி வேலிகாத்தான். எதிரே மொட்டை மலை,
நேற்றைய வெயிலை இன்னும் கக்கிக்கொண்டு.

என் ரப்பர் தவளையைப் பார்த்துச் சிரித்தார்.
அவர் ஊரில் உயிர்த்தவளையாம்,
முள்ளில் அது உதறுவதை உதறிக் காட்டினார்.
இதுக்கு வலிக்காது தாதா,
இருநூற்றெண்பது ரூபாய், எனக்குத்தான் வலிக்கும்.

இலைமேல் போட வேண்டும், தண்ணீரில் அல்ல.
கொஞ்சம் சும்மா விட வேண்டும்.
ராடு நுனியைச் சுண்டினால்
இலையிலிருந்து இடைவெளிக்கு வழுக்கி இறங்கும்.
டொப்.

தண்ணீர் வெடித்தது,
அடியிலிருந்து யாரோ கதவை உதைத்த மாதிரி.
நான் இழுத்துவிட்டேன்.
பதினோரு வருடமாக வீசுகிறேன், இன்னும் இழுத்துவிடுகிறேன்.
சத்தம் முதலில் வரும், பாரம் பிறகுதான் வரும்.
நடுவே இருக்கிற அந்தச் சின்ன இடத்தில்
எனக்கு நிற்கத் தெரியாது.
தவளை பறந்து வந்து மார்பில் அறைந்தது.
ஒரு கால் இல்லை.

நிதாய் இரண்டு விரல் காட்டினார்.
ஏக். துயி. அப்புறம்.

ராடை அவரிடம் கொடுத்தேன்.
கோரை ஓரம் ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் கொதித்தது,
மிளகாய்த்தூள் சிந்தின நிறம்.
பார்ப்பு. ஆயிரம் இருக்கும்.
அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும்.
அங்கே எதைப் போட்டாலும் கடிக்கும், பசியால் அல்ல.
நிச்சயமான மீன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.
சிவப்பு மேலே வந்து மூச்சு வாங்கிற்று, இறங்கிற்று.
போடுங்க தாதா, பதினாறு தையல்,
வாய் வரை வந்தது எனக்கு.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
கரையோடு அறுபதடி தள்ளிப் போனார்.
ஏன் என்று கேட்கிற அளவுக்கு
வங்காளம் எனக்குத் தெரியாது.

ஒன்பதாவது வீச்சோ பத்தாவதோ.
ஒற்றைக்கால் தவளை இலையேறி வழுக்கியது.
வெடிப்பு.
அவர் கை அசையவில்லை, உதடு அசைந்தது.
ஏக்.
வளையம் விரிந்து அல்லித்தண்டைத் தொட்டது.
துயி.
ராடு வளைந்தது.

முக்கால் கிலோ.

திரும்பும்போது அவர் பின்சீட்டில்,
காலுக்கிடையே பெயின்ட் வாளி, ஈரச்சாக்கு மூடி.
பாகாயம் தாண்டும்போது போன் அடித்தது.
ஆஸ்பத்திரி நம்பர், கடைசி நாலு எண் எனக்கே மனப்பாடம்.
வியாழன்தான் அன்றைக்கு.

கண்ணாடியில் பார்த்தேன்:
போன் உள்ளங்கையில் துடிக்கிறது,
கட்டைவிரல் அதன்மேல் படாமல் நிற்கிறது,
உதடு அசைகிறது.

சாக்குக்கடியில் விரால் மேலே வந்து
ஒரு வாய்க் காற்று விழுங்கியது.
நான் ஹாரன் அடிக்காமல்
பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன்.